ஆறு சோழியும் ஒரு கணுக்காலும்

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு இருக்கிறது. மருந்து வந்த பெட்டியிலிருந்து வெட்டியது, உள்ளங்கை அகலம்தான். மேலே 'இலுப்பூர் மண்டிப் பையன்' என்று எழுதி, கீழே வரிசையாக ஏழு வரிகள். எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல இருக்கும். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பென்சிலால் அடித்து, மேலே வேறு ஒரு வரி கோணல்மாணலாக ஏறியிருக்கும். அந்தக் கோணல் வரி என் கை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பி.ஏ. படித்தவர்களுக்கு இந்த மேஜையில் உட்கார்ந்துதான் சம்பளம் கொடுக்கிறேன். இந்த எண்ணெய் மில்லும், வெளியே நிற்கிற லாரிகளும் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. வருகிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்பார்கள். "விளையாட்டுச் சாமான்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன். அந்த அட்டையை எழுதிய ஆளை எனக்குப் பிடிக்காது. அவர் உயிரோடு இருந்தபோதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

அந்த ஆள் இலுப்பூர் தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வெள்ளைச் சட்டை, மூக்குப்பொடிக் கறை படிந்த கைக்குட்டை, பக்கத்தில் போனாலே அயோடின் வாடை. ஆவூர்ப் பக்கத்துக்காரர். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நம்பி வளர்ந்தவர். இளைப்பு நோய் வேறு. ஆஸ்பத்திரிப் படியை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். சடுகுடு என்றால் அவருக்குப் பைத்தியம். மூச்சே இல்லாத மனுஷனுக்கு மூச்சை வைத்து ஆடுகிற ஆட்டத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. அன்னவாசலோ, விராலிமலையோ, ஆவூர் மாதா கோயில் பாஸ்காத் திருவிழாவோ, எங்கே சடுகுடுப் போட்டி நடந்தாலும் அயோடின் பாட்டிலையும் பஞ்சையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, நடுக்கோட்டு ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். சிராய்த்தவனுக்கு மருந்து போடுவார். மற்ற நேரம் ஆடுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். எவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறான், எவனுக்கு எந்த முழங்கால் மடங்க யோசிக்கிறது, எல்லாம் அவர் கண்ணில் பதிந்துவிடும்.

நான் அப்போது கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மீசை அரும்பி முறுக்க ஆரம்பித்த வயது. தை மாசத்தில் கடலை வந்து குவியும் நேரம், மாட்டு வண்டி ஒன்று சரிவில் பின்னால் உருண்டு, சக்கரம் என் இடது கணுக்காலை நசுக்கிவிட்டுப் போனது. மண்டி முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் வேறு ஆள் நிற்பான். கம்பவுண்டரிடம்தான் ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாகப் போனேன். வேப்பெண்ணெய் தடவி, பட்டை வைத்து, காடாத் துணியால் இறுக்கிக் கட்டினார். "யாருகிட்டயும் சொல்லிராதீங்கய்யா" என்றேன். "ஏம்ப்பா, நான் சொல்ற ஆளா?" என்றார். பங்குனியில் போட்டிகள் தொடங்கியபோது அவரே ஒரு யோசனை சொன்னார். நோவு இடது காலில்தான் என்றாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். "எது நல்ல காலு, எது நொள்ளைக் காலுன்னு எவனுக்கும் தெரியாது. நீ பாட்டுக்குப் போ." அவர் எனக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான். அதையும் பிறகு அவரே கெடுத்தார்.

அந்தக் கோடையை நான் சொன்னால் பெருமை பீற்றுகிறேன் என்பார்கள். பீற்றத்தான் செய்கிறேன். வேறு எவன் செய்தான் சொல்லுங்கள், அவனையும் பாராட்டுகிறேன். பங்குனி தொடங்கி ஆடிக் காற்று வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துப் பாடிப் போய்த் திரும்பாத ஆட்டம் கிடையாது. அன்னவாசலில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கோடு போட்டிருந்தார்கள். நாலு பேர் என்னைக் குப்புறத் தள்ளி மேலே படுத்துவிட்டார்கள். வாயில் மண் புகுந்த பிறகும் 'சடுகுடு சடுகுடு' என்று முனகிக்கொண்டே அந்த நாலு உடம்பையும் ஏர் மாதிரி இழுத்து வந்து நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டேன். ஆவூரில் ஒருத்தன் இடுப்புக்குக் குனிந்தான். அவன் முதுகில் கையை ஊன்றித் தாண்டினேன். கோயில் மணி அடித்ததா, கூட்டம் கத்தியதா என்று தெரியவில்லை. விராலிமலையில் எதிர்க்கட்சிக்காரனே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இளநீர் வெட்டிக் கொடுத்தான். இலுப்பூர்க் கடைத்தெருவில் நான் நடந்தால் தராசைப் பிடித்த கை அப்படியே நிற்கும். திருச்சிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் சடுகுடுக் குழு வைத்திருந்தார்கள். நல்ல ஆட்டக்காரனுக்கு அங்கே வேலை, குடியிருக்க வீடு. அடுத்த கோடையில் திருவரங்குளத்துப் போட்டிக்கு மில் மேனேஜர் நேரில் வந்து ஒரே ஒரு ஆளை எடுப்பதாகப் பேச்சு. அந்த ஒரு ஆள் யார் என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் முழுசாகச் சேரவில்லை. ஆட்டத்தில் ஒரு மூச்சு நேரம் தாங்கும். நாள் முழுக்க மூட்டை தூக்கினால் சாயங்காலம் பாதம் கால் மாதிரியே இருக்காது, கொழுக்கட்டை மாதிரி இருக்கும். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? மில் வேலை கிடைத்தால் மூட்டை கிடையாது. கிடைக்காவிட்டால், மண்டியும் போய்விட்டால், நானும் ஆத்தாவும் என்ன செய்வோம் என்பதை நினைக்கவே பயந்தேன். எவனுக்கும் பயப்படாதவன் அதற்குப் பயந்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஆட்டம் இல்லை, வெட்டு குத்து இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஆளும் இல்லை. அப்போதுதான் இந்த ஆள் அந்த வேலையைச் செய்தார். மருந்துப் பெட்டியின் பலகையில் நடுக்கோடு கிழித்தார். இந்தப் பக்கம் குன்றிமணி, அந்தப் பக்கம் புளியங்கொட்டை, ஆளுக்கு ஒரு மணி. நடந்து முடிந்த கோடையில் ஆடிய ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு அட்டை. ஆறு சோழியைக் குலுக்கிப் பலகையில் விடவேண்டும். எத்தனை மல்லாந்து விழுகிறதோ அந்த எண்ணுக்கு நேராக அட்டையில் எழுதியிருப்பதுதான் நடந்தது. மூன்று மல்லாந்தால் இவன் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வருவான், ஐந்து மல்லாந்தால் இரண்டு பேர், எல்லாம் குப்புற விழுந்தால் மூச்சு முறியும், இப்படி. மூன்று அடிக்கடி விழும் என்பதும் ஆறு அபூர்வம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆள் அடிக்கடி செய்வதை மூன்றிலும், எப்போதாவது செய்வதை ஓரத்திலும் எழுதியிருந்தார். பிடிக்கிறவனுக்கும் அட்டை உண்டு. அவன் எந்த இடத்தைப் பிடித்தால் விடமாட்டான் என்று அதில் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் பலகையை வைத்தார். ஊரே கூடிவிட்டது. அந்தக் கோடையை அப்படியே முதலிலிருந்து, ஆட்டம் ஆட்டமாக, மறுபடி ஆடிப் பார்ப்பது என்று முடிவு. மழை ஓட்டுக்கூரையில் கொட்டுகிறது, உள்ளே சோழி உருளுகிறது, ஒவ்வொருத்தனும் "பாடுறேன் பாடுறேன்" என்று சோழியைக் குலுக்குகிறான். என் அட்டைக்கு அடிதடி. எவன் கையில் என் அட்டை இருக்கிறதோ அவன் பாதி ஜெயித்த மாதிரி. நானும் பெஞ்சு முனையில் உட்கார்ந்து, "இந்த எடத்துலதான்டா அந்த நாலு பேரும் விழுந்தாங்க" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு டீ குடிப்பேன். வெயிலில் ஆடியவன் மழையிலும் ஆடுகிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. ஒரு நாள் என் அட்டையை நானே எடுத்து ஆடினேன். சோழியை எண்ணுவதோடு சரி, அட்டையைப் படித்துச் சொல்வது அவர்தான். வரிசையாகத் தோற்றேன். டீக்கடையே சிரித்தது.

"என்னய்யா இது, நானே ஆடுறேன், நானே தோக்குறேன்?" என்றேன்.

பொடியை உறிஞ்சிவிட்டு அவர் சொன்னார்: "சோழிக்கு ஒன் மூஞ்சி தெரியாது தம்பி."

இந்த ஒரு பேச்சு இன்றைக்கும் எனக்கு எரிகிறது. என் உடம்பாலும் மூச்சாலும் சம்பாதித்த கோடையை, ஆறு சோழி எப்படி விழுந்ததோ அப்படித்தான் விழுந்தது என்று சொல்கிற பேச்சு அது. பிற்பாடு நான் கடை வைத்தபோதும், லாரி வாங்கியபோதும், "நேரம் நல்லா இருக்கு ஒனக்கு" என்று எவனாவது சொன்னால் எனக்கு அந்தப் பொடி உறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். நேரமாவது மண்ணாவது. நேரமா மூட்டை தூக்கியது?

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, பலகையில் அன்னவாசல் ஆட்டம். மண்டி முதலாளியும் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தார். என் அட்டையை வைத்திருந்தவன் சோழியை விட்டான். ஒன்றே ஒன்று மல்லாந்தது. அதுவரை என் அட்டைக்கு ஒன்று விழுந்ததே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பையன் அட்டையைக் கம்பவுண்டரிடம் நீட்டினான். அவர் பிரசங்கம் படிக்கிற மாதிரி தெளிவாகப் படித்தார்:

"ஒன்று: இடது கணுக்கால் மடங்கும். பிடிகாரன் அட்டையைப் பார்."

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மண்டி முதலாளி என் காலைக் குனிந்து பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல. "ஏன்டா, காலு போச்சா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க மொதலாளி. வெளையாட்டுக்கு எழுதியிருக்காரு."

முதலாளி கம்பவுண்டரைப் பார்த்தார். "வெளையாட்டுக்கா எழுதுனீங்க?"

அந்த ஆள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். வாயைத் திறந்து மூடினார், இளைப்பு வந்த மாதிரி. சொல்லவில்லை. மறுவாரம் மண்டியில் எனக்கு மூட்டை கிடையாது, சாக்குத் தைக்கிற வேலை. கிழவிகள் செய்கிற வேலை, கிழவிகளுக்குக் கொடுக்கிற கூலி.

சாக்குத் தைக்க உட்கார்ந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அந்த வரியை அழிங்க" என்றேன்.

"அழிச்சா அது நீ இல்லையே தம்பி. நாஞ்சொல்றதக் கேளு. நல்ல காலோட எவனும் போவான், வருவான். நீ இந்தக் காலோட போயிட்டு வந்தியே, அதுதான் பெருசு. அதை எழுதலேன்னா ஒன் ஆட்டத்துக்கு என்ன மரியாதை?"

"மரியாதை எனக்கு எதுக்குங்க? சோறு வேணும்."

"ஆட்டத்துக்குள்ள எழுதுனது வெளிய வரும்னு நான் நெனக்கலப்பா" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவன் செய்தால் அடித்துவிட்டு மறந்துவிடலாம். இந்த ஆள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு என் வயிற்றில் கையை வைத்தார். பலகைக்குள் ஆடுகிறவர்கள் வேறு ஊர், வெளியே ஆடுகிறவர்கள் வேறு ஊர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒரே ஊர்தானே ஐயா! ஒரே டீக்கடை!

அதோடு நிற்கவில்லை. எங்கள் பக்கம் ஓடிய பஸ்ஸின் கண்டக்டர் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் ஊரான திருவரங்குளத்துக்கு ஒரு செட் வேண்டும் என்று கேட்டான். அந்த ஆள் இரண்டு ராத்திரி கண்விழித்து, தன் கையாலேயே அத்தனை அட்டையையும் மறுபடி எழுதிக் கொடுத்தார். என் அட்டையும் போனது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. கார்த்திகை, மார்கழி முழுக்கத் திருவரங்குளத்தில் உட்கார்ந்து என்னை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது.

அடுத்த கோடை வந்தது. நான் போன கோடையைப் போலவே ஆடினேன். கணுக்கால் மோசமாகியிருந்தது, ஆனாலும் ஆடினேன். ஆத்தா தன் சேலையைக் கிழித்து இரண்டு காலிலும் கட்டிவிட்டாள். இனி எனக்கு அந்த ஆளின் சிவப்புத் துணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருவரங்குளத்துப் போட்டியன்று மில் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம், காலில் பளபளவென்று பூட்சு. கம்பவுண்டரும் நடுக்கோட்டு ஓரத்தில் சாக்கை விரித்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

திருவரங்குளத்து அணியில் ஒரு பிடிகாரன். ஒல்லிக்குச்சி. தள்ளினால் விழுந்துவிடுவான். நான் பாடிப் போனபோது மற்ற எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அவன் மட்டும் கீழே பார்த்தான். ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நடுக்கோடு கைக்கெட்டும் தூரம். இடது காலை ஊன்றித் தாவ வேண்டிய அந்த ஒரு கணத்துக்காகவே அவன் காத்திருந்தான். பாம்பு மாதிரி தரையோடு தரையாக விழுந்து, இரண்டு கையாலும் இடது கணுக்காலைப் பற்றி, ஈரத் துணியைப் பிழிவது போலத் திருகினான். உள்ளே ஏதோ பட்டென்று ஒடிந்த மாதிரி இருந்தது. மூச்சு அறுந்தது. முகம் மண்ணில். கோடு என் விரல் நுனிக்கு முன்னால் வெள்ளையாக இருந்தது. அன்னவாசலில் நாலு பேரை இழுத்துக்கொண்டு தொட்ட அதே கோடு.

அவன் என் காதோடு குனிந்து சிரித்தான். "அட்டையில இருந்துச்சுல்ல மாப்ளே? ஒண்ணு விழுந்துருச்சு ஒனக்கு."

மில் மேனேஜர் எழுந்து போய் அந்த ஒல்லிக்குச்சியின் தோளைத் தட்டினார். வேலை அவனுக்கு.

மறுநாள் காலை வீங்கின காலோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அவர் மேஜையில் அந்தப் பலகை இருந்தது. ஒரே தூக்கு. குன்றிமணியும் புளியங்கொட்டையும் தெறித்தன, சோழிகள் அலமாரிக்கு அடியில் ஓடின. என்ன செய்தார் தெரியுமா? குனிந்தார். முட்டிபோட்டு அலமாரிக்கு அடியில் கையை விட்டுச் சோழியைத் தேடினார். என் வாழ்க்கை அங்கே கிடக்கிறது, அவருக்குச் சோழி. "ஒங்களுக்கு மூச்சு இல்ல. அதனால அடுத்தவன் மூச்சை எடுத்து வச்சு வெளையாடுறீங்க" என்றேன். சோழியைத் தேடிய கை நின்றது. அப்படியே முட்டிபோட்ட இடத்திலிருந்து என் காலைப் பார்த்தார். "உக்காருப்பா. வீங்கியிருக்கு. கட்டிவிடுறேன்." நான் உட்காரவில்லை. அந்தக் காலோடு வீட்டுக்கு நடந்தேன். கட்டாமலே சேர்ந்தது. கோணலாகத்தான் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன ஆனேன் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூட்டை தூக்க முடியாதவனுக்கு மண்டியில் இடமில்லை. வாடகைச் சைக்கிள் எடுத்து, கிராமம் கிராமமாகப் போய்க் கடலை பேசி வாங்கினேன். கையில் நாலு கடலையை எடுத்து நசுக்கினால் அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன். சைக்கிள் வண்டியானது, வண்டி பழைய லாரியானது. எந்த மண்டியில் சாக்குத் தைத்தேனோ அதே மண்டிக்குச் சரக்கு கொடுக்க லாரியோடு போய் நின்றேன். "வாங்க வாங்க" என்று அதே முதலாளி நாற்காலி போட்டார். என் வீட்டுக்காரி அடிக்கடி சொல்வாள்: "கம்பவுண்டர் எழுதாம இருந்தா நீங்க இந்நேரம் மில்லுல நூலு இழுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. அவருக்கு ஒரு மால வாங்கிப் போடுங்க." சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது. தள்ளிவிட்டவன், எழுந்தவனுக்குக் கை கொடுத்தவன் ஆகிவிடுவானா? எழுந்தது நான்.

அறுபதுகளில் ஒரு நாள், மழைக்காலம்தான், லாரி ஷெட்டு வாசலில் குடையோடு ஒரு ஆள் நின்றார். அந்த அயோடின் வாடை. ஒடுங்கிப் போயிருந்தார். ரிட்டையராகிவிட்டாராம். சாமான்களை ஆவூருக்குக் கொண்டுபோக லாரி வேண்டுமாம். ஊரில் வேறு லாரியே இல்லையா? இருந்தது. என்னிடம்தான் வந்தார். வாடகை சொன்னேன். ஒரு தம்பிடி குறைக்கவில்லை. சரி என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

"புதுசா எழுதியிருக்கேன் தம்பி. ஒன்னோட அட்டை. அந்த வரிய எடுத்துட்டேன்."

பார்த்தேன். 'ஒன்று' என்ற இடத்தில் 'பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு வருவான்' என்று இருந்தது. கையெழுத்து மட்டும் அதே அச்சு. லாரியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் பலகையை வைத்தார். எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார், ஆறு சோழி, குன்றிமணி, புளியங்கொட்டை. "ஆடிப் பாரு" என்றார். "திருவரங்குளத்து ஆட்டம். அந்தப் பிடிகாரன் அட்டை இந்தா இருக்கு."

கிளீனர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தூக்கி எறியலாம் என்றுதான் கை போனது. ஆனால் சோழி கையில் வந்துவிட்டது. குலுக்கி விட்டேன். தொட்டுவிட்டு வந்தேன். மறுபடி விட்டேன், வந்தேன். ஒருமுறை ஒன்றே ஒன்று மல்லாந்தது. என் கணுக்கால் தானாகச் சுண்டியது. அட்டையைப் பார்த்தால் அங்கேயும் ஜெயம். ஒல்லிக்குச்சியின் அட்டை எதிரே சும்மா கிடந்தது. அவனால் என்னைத் தொடவே முடியவில்லை. திருவரங்குளத்து ஆட்டத்தை ஒரு குன்றிமணிகூட இழக்காமல் ஜெயித்துவிட்டேன்.

"மொதலாளி, பிச்சு உதறிட்டீங்க!" என்றான் ஒரு கிளீனர்.

"பாத்தியா தம்பி? நீதான் ஜெயிச்ச" என்றார் கம்பவுண்டர். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார் போல.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. திருவரங்குளத்து மண்ணில் முகம் புதைந்தபோதுகூட வராத கோபம் அன்றைக்கு வந்தது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினேன். "யாருய்யா இவன்? இவன் எவன்? எத்தனை பேர் விழுந்தாலும் இழுத்துட்டு வர்றவன், ஒரு நாளும் மாட்டாதவன், இப்படி ஒருத்தன் இந்த ஜில்லாவுல இருந்தானா? பழைய அட்டை எங்க? அதை எடுங்க!"

அவர் பயந்துவிட்டார். "இல்லப்பா. அடுப்புல போட்டுட்டேன். ஒனக்குப் பண்ணுன பாவம் அதுல இருந்துச்சு."

"ஒங்க பாவத்தை நீங்க எரிச்சுக்கங்க. என் காலை எதுக்கு எரிச்சீங்க?"

அவர் சோழியை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பலகையைக் கைக்குட்டையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஏறினார். ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் கை கொடுக்கவில்லை. லாரி ஆவூர் ரோட்டில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. செத்த சேதி வந்தபோது லாரி அனுப்பினேன், நான் போகவில்லை.

அன்று லாரி போன பிறகு, அட்டை என் கையிலேயே இருந்தது தெரிந்தது. மூட்டை எண்ணிக் குறிக்கிற பென்சிலை எடுத்து, 'பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு வருவான்' என்பதை அடித்தேன். அதற்கு மேலே எழுதினேன். வண்டி கட்டத் தெரிந்த கைக்கு அந்த ஒரு வரி எழுத வெகுநேரம் பிடித்தது. பென்சில் முனை ஒருமுறை ஒடிந்தது. எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன்: 'இடது கணுக்கால் மடங்கும்.' அந்தக் காலோடு அன்னவாசலில் நாலு பேரை இழுத்தவன் நான். அந்தக் காலோடு சைக்கிள் மிதித்துக் கடலை வாங்கியவன் நான். நல்ல காலோடு எவனும் போவான் வருவான் என்று அந்த ஆள் அன்றைக்கே சொன்னார். சொன்னவர் பேச்சில் அவரே நிற்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் தன் ஆயுசில் ஒரே ஒரு பொய் எழுதினார், அதையும் எனக்குப் போய் எழுதினார். சொல்ல வேண்டிய அன்றைக்குச் சொல்லாமல், வேண்டாத அன்றைக்கு எழுதினார். அதற்கும் சேர்த்துத்தான் அவரை எனக்குப் பிடிக்காது.

இன்றைக்கு வெளியே மழை. மில்லில் கடலைப் புண்ணாக்கு வாடை. என் பேரன்மார் டி.வி.யில் சடுகுடு பார்க்கிறார்கள், மெத்தை மேல் ஆடுகிறார்கள், இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று நான் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மேஜைக்கு மேலே கண்ணாடிக்கு அடியில் அட்டை இருக்கிறது. மேஜைக்குக் கீழே, முக்காலியில் தூக்கி வைத்த என் இடது கால் இருக்கிறது, மழை வந்தாலே வீங்குகிற கால். இரண்டும் ஒரே ஆளுடையது.